முப்பத்து மூன்றில் பாதி

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸில் மண்டபத்து வாசலில் வாழை கட்டும் வேலை நடந்தது. கட்டியவன் தம்பி. சித்தப்பாவின் கடைசி மகன். வயது நாற்பத்திரண்டு ஆகிவிட்டாலும் குடும்பத்தில் எல்லாருக்கும் அவன் தம்பிதான். உலு லங்காட் பக்கமிருந்து வேனில் வந்திறங்கிய இரண்டு மரமும் குலை தள்ளி, பூ தொங்க, ஆளை விட ஒன்றரை மடங்கு உயரம். தம்பி கயிற்றைச் சுற்றுவான், பார்ப்பான், அவிழ்ப்பான், மறுபடி சுற்றுவான். அவனுக்கு அவசரம் கிடையாது. தண்டு தூணோடு நேராக ஒட்டி நிற்கும்வரை விடவும் மாட்டான்.

மாமா பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மேற்பார்வை பார்த்தார். "கற்பூரவள்ளிடா, பூவு ஒடிஞ்சிடாம கட்டு." கிள்ளானிலிருந்து மதியமே வந்துவிட்டார். முகத்தில் கோபம் இருந்தது, ஆனால் வராமல் இருக்க முடியாத உறவு. மணப்பெண் என் அண்ணன் மகள். மாப்பிள்ளை கிள்ளான் சீனப் பையன், மருந்தாளர், நெத்திலி சம்பலை என்னைவிட நன்றாகச் செய்வான். ஒரு வருஷமாகச் சொல்லிவந்த வாக்கியத்தை மாமா அங்கேயும் சொன்னார்: "வாழையடி வாழையா வந்த குடும்பம்மா நம்மளுது. இப்ப பாரு."

சொல்லும்போது கை நீட்டினார். கை போன இடத்தில் தம்பி கட்டிக்கொண்டிருந்த வாழை நின்றது.

இருபத்தெட்டு வருஷம் இடைநிலைப்பள்ளியில் உயிரியல் நடத்தியவள் நான். பதில் தொண்டை வரை வந்துவிட்டது. கல்யாணத்துக்கு முதல் நாள் பெரியவர்களோடு வாதம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதால் விழுங்கிவிட்டு, மாலை வாங்க துன் சம்பந்தன் சாலைப் பக்கம் நடந்தேன். அன்று விழுங்கியதை இங்கே எழுதுகிறேன். மாமா இந்தப் பத்திரிகை படிப்பதில்லை.

வாழையடி வாழை என்று நாம் வாழ்த்துவது வம்சம் தழைக்கத்தான். ஆனால் அந்த வம்சத்துக்குக் கல்யாணம் தேவையில்லை. தாய் வாழையின் கிழங்கிலிருந்து பக்கக் கன்று கிளம்புகிறது. அதில் அப்பா இல்லை. தாயின் உடல் செல் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, அப்படியே மண்ணைப் பிளந்துகொண்டு எழுந்ததுதான் கன்று. கணக்காகப் பார்த்தால் அது மகளே அல்ல, தாயேதான் இன்னொரு இடத்தில் நிற்கிறாள். மணமக்கள் நுழையும் வாசலில், அவர்கள் செய்யப்போவது எதுவோ அதை ஒருபோதும் செய்ய முடியாத ஒரு செடியைத் தேடிப் பிடித்துக் கட்டியிருக்கிறோம்.

ஏன் முடியாது என்பது எண் கணக்கு. காட்டு வாழையின் உடல் செல் ஒவ்வொன்றிலும் 22 குரோமோசோம், பதினொரு ஜோடி. மகரந்தத்திலும் சூல் முட்டையிலும் அது பாதியாகி 11. இரண்டு பாதியும் சேர்ந்தால் மறுபடி 22, விதை பிடிக்கும். காட்டு வாழைப் பழத்தை உரித்தால் சதையைவிடக் கருப்புக் கல்தான் அதிகம், கடித்தால் பல் போகும். நாம் தின்னும் வாழைகளில் பெரும்பாலானவை இரண்டு தொகுதியோடு நிற்காமல் மூன்று தொகுதி ஏந்தியவை. 33. எப்போதோ ஒரு காலத்தில் ஒரு செடி தன் இனச் செல்லைப் பாதியாக்க மறந்து முழுதாக 22ஐ அனுப்ப, அது இன்னொன்றின் 11ஓடு சேர்ந்து பிறந்த பிள்ளைகள் அவை. அந்தப் பிள்ளைக்கு இனச் செல் உண்டாகும் நேரம் வந்தால் கோலாட்டம் கலைந்துவிடும். கோலாட்டத்தில் ஆளுக்கு ஒரு ஜோடி வேண்டும். மூன்று பேர் நின்றால் இரண்டு பேர் தட்டிக்கொள்வார்கள், மூன்றாவது ஆளின் கோல் காற்றில் போகும். பதினொரு வட்டத்திலும் இப்படி ஒருவர் மிஞ்சினால், பிரியும்போது யார் எந்தப் பக்கம் போவதென்று ஒழுங்கில்லை. ஒரு பக்கம் பதினான்கு, மறுபக்கம் பத்தொன்பது என்று கன்னாபின்னாவென்று பிரிந்த செல்கள் பெரும்பாலும் வீண். விதை இல்லை. மிஞ்சுவது சதை மட்டும், அதைத்தான் நாம் பழம் என்கிறோம். பீசாங் மாஸ் மாதிரி 22ஓடு நின்றுகொண்டே விதையை விட்டுவிட்ட வாழைகளும் உண்டு. அது வேறு வழி, வேறு கதை.

மாமா சொல்லாமல் சொன்ன இன்னொன்றையும் விட முடியவில்லை. கலப்பு. 1955இல் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் என்ற இருவர் வாழைகளை வகைப்படுத்த ஒரு முறை வகுத்தார்கள். பெரும்பாலான வாழைகளின் மூதாதையர் இரண்டே காட்டு இனங்கள் என்றார்கள். ஒன்று அக்குமினாட்டா, மலாயா, இந்தோனேசியா, நியூகினி பக்கத்துக் காடுகளில் செழிப்பது. அதன் தொகுதிக்கு ஏ என்று பெயர். மற்றது பால்பிசியானா, இந்தியாவிலிருந்து கிழக்கே பரவியிருப்பது, வறட்சி தாங்குவது. அது பி. கோயில் தட்டில் நாம் வைக்கும் ரஸ்தாளி இரண்டு ஏ, ஒரு பி. மலாய்க்காரர்களும் அதை ரஸ்தாலி என்றே சொல்கிறார்கள். தம்பி கட்டிய கற்பூரவள்ளி, சந்தையில் பீசாங் ஆவாக், ஒரு ஏ, இரண்டு பி. மாமா ஆதாரம் காட்டிய செடி அந்த மண்டபத்திலேயே பெரிய கலப்புக் கல்யாணத்தின் பிள்ளை. கலந்த பிறகு நின்றுபோன பிள்ளை என்பதும் உண்மைதான். அதை மறைத்துப் பேசினால் மாமா மாதிரி நானும் வாழையை என் வசதிக்கு வளைத்தவள் ஆவேன்.

வகுப்பில் இந்தப் பாடத்தை மலாயில்தான் நடத்தினேன். செல் சோமா, காமெட், மெயோசிஸ். தமிழில் யோசிக்கும்போது சொல்லுக்குத் திண்டாட்டம். தமிழ்நாட்டுப் பாடநூல் மெயோசிஸைக் குன்றல் பிரிவு என்கிறது. பிரிக்பீல்ட்ஸில் பக்கத்து வீட்டில் இருந்த யாழ்ப்பாணத்து ஆசிரியை ஒடுக்கற்பிரிவு என்பார். குரோமோசோமுக்கு அவர்கள் வைத்திருக்கும் நிறமூர்த்தம் என்ற சொல்லைக் கேட்டு நான் பொறாமைப்பட்டதுண்டு. சாயம் ஏற்றினால்தான் தெரியும் பொருளுக்கு எத்தனை பொருத்தம். ஆனால் குன்றல், ஒடுக்கம் இரண்டிலும் ஏதோ குறைந்துபோகிற துக்கம் இருக்கிறது. எனக்கு அது பாகப்பிரிவினை மாதிரிதான் படும். மனித உடல் செல்லில் 46. அம்மா வழியில் வந்த 23, அப்பா வழியில் வந்த 23. முட்டையோ விந்தோ உண்டாகும் முன் இரண்டு பங்காளிகளும் பக்கத்தில் பக்கத்தில் படுத்து, வரப்பை அழித்து, இந்தத் துண்டு உனக்கு அந்தத் துண்டு எனக்கு என்று மாற்றிக்கொள்கிறார்கள். அப்புறம்தான் பிரிவினை. ஆகவே என் அண்ணன் தன் மகளுக்குக் கொடுத்த குரோமோசோம்களில் பல எங்கள் அம்மாவும் அப்பாவும் ஒட்டுப்போட்ட துணி. சில மட்டும் முழுதாக அம்மா என்றோ முழுதாக அப்பா என்றோ போவதுண்டு.

துண்டு மாற்றிக்கொள்வதைக் கணக்கில் சேர்க்காமல், எந்த ஜோடியிலிருந்து எது போகும் என்பதை மட்டும் பார்த்தாலே ஓர் ஆள் 83,88,608 விதமான இனச் செல்லை உண்டாக்க முடியும். இரண்டை இருபத்து மூன்று முறை பெருக்கிப் பாருங்கள். கிட்டத்தட்ட எண்பத்து நான்கு லட்சம். நம் பெரியவர்கள் சொல்லும் எண்பத்து நான்கு லட்சம் யோனி பேதத்துக்கும் இதற்கும் சம்பந்தம் எதுவும் கிடையாது. நாளைக்கு இது வாட்ஸ்அப்பில் சுற்றினால் நான் பொறுப்பல்ல.

46 என்பதைக் கண்டுபிடிக்க மனிதனுக்கு 1955 டிசம்பர் வரை ஆயிற்று. அதற்கு முன் முப்பது வருஷத்துக்கு மேல் 48 என்றே உலகம் நம்பியது. 1923இல் பெயின்டர் என்ற அமெரிக்கர் விதைப்பைத் திசுவில் எண்ணிச் சொன்ன எண் அது. அதற்குப் பிறகு நுண்ணோக்கியில் பார்த்தவர்களும் 48ஐத்தான் பார்த்தார்கள். சொல்லிக்கொடுத்ததைக் கண் காணும், பள்ளிக்கூடத்தில் இதை நான் வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். கடைசியில் சரியாக எண்ணியவர் நம் பக்கத்து ஆள். ஜோ ஹின் ட்ஜியோ, ஜாவாவில் பெக்கலோங்கானில் 1919இல் சீனக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா படம்பிடிப்பவர். உருளைக்கிழங்கு ஒட்டு இனங்களில் வேலை பார்த்துக்கொண்டிருந்த விவசாயப் பட்டதாரி, ஜப்பான்காரன் காலத்தில் முகாமில் அடைபட்டுக் கிடந்து, போருக்குப் பின் ஐரோப்பா போனார். ஸ்வீடனில் லுண்ட் நகரத்து ஆய்வுக்கூடத்தில் 1955 டிசம்பர் 22ஆம் தேதி அதிகாலை, கருவின் நுரையீரல் செல்லை எண்ணியபோது 46. அவரும், அவரோடு சேர்ந்து எழுதிய ஆல்பர்ட் லெவனும் செடிகளின் குரோமோசோம் பார்த்துப் பழகியவர்கள். வெங்காய வேரை நசுக்கிப் பார்த்த கை மனிதனை எண்ணியது. அடுத்த வருஷமே இங்கிலாந்தில் ஃபோர்டு, ஹாமர்டன் இருவரும் இனச் செல் உண்டாகும் இடத்தில் எண்ணினார்கள். 23 ஜோடி. உடலின் கணக்கும் விதையின் கணக்கும் அன்றுதான் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லின.

செல் பிரியும் நடுவழியில் அதை நிறுத்தினால்தான் எண்ண முடியும். நிறுத்துவதற்கு ட்ஜியோ பயன்படுத்தியது கொல்கிசின். நம் செங்காந்தள் கிழங்கில் இருக்கும் நஞ்சும் அதுதான். குறிஞ்சி நிலத்துப் பூ, முருகனுக்கு உரிய பூ, தமிழ்நாட்டின் மாநிலப் பூ. கொஞ்சம் கூடினால் ஆளைக் கொல்லும், அளவாக இருந்தால் செல்லை ஓடவிடாமல் பிடித்து நிறுத்திக் காட்டும். இன்னும் ஒரு வேலையும் செய்யும்: பிரிய வேண்டிய குரோமோசோமைப் பிரிய விடாமல் அடித்து, எண்ணை இரட்டிப்பாக்கும். தலச்சேரியில் பிறந்து, சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியில் பாடம் எடுத்து, கோயம்புத்தூர்க் கரும்பு நிலையத்தில் குரோமோசோம் எண்ணிய ஜானகி அம்மாள் பின்னாளில் இங்கிலாந்தில் மக்னோலியா நாற்றுகளுக்கு இந்த மருந்தைத்தான் வைத்தார். 1945இல் டார்லிங்டனோடு சேர்ந்து அவர் வெளியிட்ட பயிர்ச் செடிகளின் குரோமோசோம் அட்லஸ் என்ற புத்தகத்தில் செடியும் எண்ணும்தான், பக்கம் பக்கமாக. முகவரிப் புத்தகம் மாதிரி. அவர் எண்ணிய கரும்பு ஒரு விசித்திரம். ஆலைக் கரும்புக்கு உடலில் 80. கோயம்புத்தூர்ப் பக்கத்துக் காட்டுக் கரும்பான பேய்க்கரும்புக்கு 64. இரண்டையும் சேர்த்தால் நாற்பதும் முப்பத்திரண்டும் எழுபத்திரண்டு வர வேண்டும். வருவது 112. அப்பா ஒழுங்காகப் பாதியைக் கொடுக்க, அம்மா பாதியாக்க மறுத்து எண்பதையும் அப்படியே தூக்கிக் கொடுத்துவிடுகிறாள். மலாயாவில் நம் ஆட்கள் முதலில் வந்து குனிந்தது ரப்பருக்கு முன்னாலேயே கரும்புக்கு, பினாங்குக்கு எதிர்க்கரையில். அந்தத் தலைமுறைத் தாய்மார்களை நினைத்தால் இந்தக் கணக்கு எனக்கு விசித்திரமாகவே படவில்லை.

அம்மாச்சி வந்தது ரொம்பப் பிற்பாடு, 1951இல், நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறி. கையில் நான்கு வயது மாமா. வயிற்றில் ஐந்து மாதமாக அம்மா. போர்ட் ஸ்வெட்டன்ஹாமில், இன்றைய போர்ட் கிள்ளானில், இறங்கினார்கள். பதிவுக்காரன் இரண்டு பேர் என்று எழுதியிருப்பான். பெண் கரு ஐந்து மாதத்தில் தன் வாழ்நாளுக்குரிய முட்டைகள் எல்லாவற்றையும் உண்டாக்கி முடித்துவிடும். அறுபது எழுபது லட்சம். அதோடு நிற்காமல் பாகப்பிரிவினையையும் தொடங்கிவிடும். பங்காளிகள் பக்கத்தில் படுத்துத் துண்டு மாற்றிக்கொள்வது வரை வந்து, அங்கேயே நின்றுவிடும். மிச்சம் நடக்கப் பன்னிரண்டு வருஷம் ஆகலாம், நாற்பது வருஷமும் ஆகலாம். ஆகவே எனக்காக அம்மாச்சியும் தாத்தாவும் வரப்பை அழித்துத் துண்டு மாற்றிக்கொண்டது வங்காள விரிகுடாவின் மேல், அரிசி மூட்டை நாற்றத்துக்கும் வாந்திக்கும் நடுவில், ஒரு கண்டாங்கிச் சேலைக்குள்ளே. தாத்தா அப்போது கப்பலில் இல்லை. அவர் சிலாங்கூரில் கித்தா மரம் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் கொடுத்த 23 மட்டும் கப்பலேறி அவரிடமே திரும்பி வந்துகொண்டிருந்தது.

நாற்பது வருஷம் ஒரே நிலையில் காத்திருப்பது லேசான காரியம் அல்ல. பிடித்துக்கொண்டிருக்கும் பிடி தளரும். பிரிய வேண்டிய நேரத்தில் ஒரு ஜோடி பிரியாமல் ஒரே பக்கம் போய்விடும். இருபத்தோராவது ஜோடியில் அப்படி நடந்தால் முட்டையில் 24, பிள்ளைக்கு 47. டவுன் சின்ட்ரோமுக்குக் காரணம் இதுதான் என்று லெஜூனும் கூட இருந்தவர்களும் பாரிஸில் 1959இல் சொன்னார்கள், ட்ஜியோவின் எண்ணிக்கைக்கு மூன்றே வருஷம் கழித்து. தம்பி பிறந்தபோது சித்திக்கு நாற்பது. பிறந்த ஆஸ்பத்திரியில் இதைச் சொன்ன விதத்தை சித்தி கடைசிவரை மறக்கவில்லை. வீட்டிலோ இன்னும் மோசம். யாருடைய பாவம், எந்தக் கோயில் நேர்த்திக்கடன் பாக்கி, எந்தக் கிரகணத்தில் வெளியே போனாள். மாமாவும் ஏதோ சொன்னார். சித்தி பதினைந்து வருஷம் அவரோடு பேசவில்லை. நான் ஆசிரியைப் பயிற்சியிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது ஒரு தாளில் கோடு கோடாக வரைந்து, இது யாரும் செய்தது இல்லை சித்தி, பிரிகிறபோது ஒன்று பிரியவில்லை, அவ்வளவுதான் என்றேன். சித்தி தாளை வெகு நேரம் பார்த்துவிட்டு, "அப்ப ஒண்ணு கூடத்தானே இருக்கு, குறையலையே" என்றார். இத்தனை வருஷ வகுப்பில் எந்த மாணவனும் இதைக் கேட்டதில்லை.

மனிதக் கருவில் மூன்று தொகுதியும் வந்து 69 ஆகிவிட்டால் அநேகமாகப் பிறக்கும் முன்பே கலைந்துவிடும். வாழைக்கு மூன்றுதான் செழிப்பு. எண்ணில் இருக்கும் இந்த ஓரவஞ்சனைக்கு விளக்கம் கொஞ்சம் உண்டு. செடிகளுக்கு இப்படிக் கூடிப்போவது பழகியது, விலங்குகளுக்குப் பழகாதது. நம் உடம்புக்குள்ளேயே கூட எல்லாம் 46 இல்லை. முதிர்ந்த சிவப்பணுவில் ஒன்றுமே கிடையாது, அது உட்கருவைத் துப்பிவிட்டுத்தான் இரத்தத்தில் இறங்குகிறது. ஈரல் செல்கள் சிலவற்றில் 92 இருக்கும். தேர்வுத்தாளில் உடல் செல் 46, இனச் செல் 23 என்று எழுதினால் முழு மதிப்பெண். நானும் போட்டிருக்கிறேன்.

தாத்தா மரம் வெட்டிய தோட்டங்களின் துரைமார்களோ இந்தப் பாதியாக்குவதையே வெறுத்தார்கள். ரப்பர் மரத்துக்கு உடலில் 36, இனச் செல்லில் 18. விக்காம் 1876இல் அமேசான் கரையிலிருந்து கொண்டுபோன விதைகளில் முளைத்தவற்றிலிருந்து, அடுத்த வருஷம் சிங்கப்பூர் வந்து சேர்ந்தவை 22 நாற்று. அந்தக் கொஞ்சத்திலிருந்து விதை விதையாகப் பெருகிய மரங்களில் ஒன்று பால் கொட்டும், பக்கத்து மரம் சொட்டும். நல்ல மரத்தின் விதையைப் போட்டாலும் பாகப்பிரிவினையில் நல்லது எங்கே போகும் என்று தெரியாது. அதனால் ஒட்டுக் கட்டினார்கள். நன்றாகப் பால் தரும் மரத்தின் மொட்டுப் பட்டையை எடுத்து நாற்றின் தண்டில் பதிப்பது. பாதியாக்காமல், கலக்காமல், 36ஐயும் அப்படியே நகலெடுப்பது. காடு முழுக்க ஒரே மரம் நிற்கும்.

அந்த ஒரே மரங்களில் பேர் போனது ஒன்று பி.பி. 86. பி.பி. என்றால் பிராங் பெசார். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வெள்ளைக்கார அதிகாரிகள் 1921இல் காஜாங்குக்குத் தெற்கே உண்டாக்கிய தோட்டம், பெருஞ்சண்டை என்று மலாயில் பெயர் வைத்தார்கள். 1925இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் பி.பி. 86ஐ ஜாவாவின் ட்ஜிர் 1ஓடு இணைத்தது. ஒரு தரம் மட்டும் பாதியாக்க அனுமதித்தார்கள். வந்த பிள்ளைகளில் தேர்ந்தெடுத்ததை மறுபடி ஒட்டுக் கட்டி நிறுத்திவிட்டார்கள். அதுதான் ஆர்.ஆர்.ஐ.எம். 600. மலேசியாவிலும் தாய்லாந்திலும் கேரளத்திலும் அது கோடிக்கணக்கில் நின்றது, இன்னும் நிற்கிறது. பிராங் பெசார் தோட்டம்தான் இன்று இல்லை. அந்த மண்ணில்தான் புத்ராஜெயா எழுந்தது. 1999இல் பிரதமர் அலுவலகம் அங்கே குடிபோனது. பிராங் பெசார், காலவே, செஜ்லி, மேடிங்லி என்று அங்கிருந்த தோட்டங்களின் தமிழ்ச் சனத்தை டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். லயம் போயிற்று, பெரட்டுக்களம் போயிற்று, ஆயாக்கொட்டகை போயிற்று. அந்த மண்ணில் வளர்ந்த மரத்தின் 36 எங்கோ கேரள மலையில், குழந்தைகளுக்குள் பதினெட்டாக, காலையில் பால் விடுகிறது. தோட்டத்துக்காரர்கள் காப்பாற்ற நினைத்தது என்னவோ அது காப்பாற்றப்பட்டுவிட்டது.

செம்பனையில் இந்த ஜம்பம் பலிக்கவில்லை. சிலாங்கூரில் 1917இல் ஹென்றி ஃபோகொனியே என்ற பிரெஞ்சுக்காரர் வணிகமாக முதலில் நட்ட இடம் தென்னமாரம் தோட்டம். பெயரைக் காதால் கேட்டால் தென்னைமரம்தான். செம்பனைக்கு ஒரே குருத்து. பக்கக் கன்றும் இல்லை, ஒட்டுக் கட்டவும் வழியில்லை. எனவே ஒவ்வொரு கன்றும் கல்யாணத்தில் பிறந்தாக வேண்டும்: தடித்த ஓட்டு டூரா அம்மா, ஓடில்லாத பிசிஃபெரா அப்பா, மெல்லிய ஓட்டு தெனெரா பிள்ளை. 32ஐ 16 ஆக்கி, 16ஓடு சேர்த்து. இதைத் தவிர்க்கத்தான் இலைத் திசுவிலிருந்து குப்பிக்குள் செம்பனை வளர்த்தார்கள், உடல் செல்லிலிருந்து நேராக. சில வருஷம் கழித்துக் காய்த்தபோது சில மரங்களில் காய் அங்கி போட்டதுபோல் கோணிக்கொண்டு நின்றது, எண்ணெய் இல்லை. எண்ணிப் பார்த்தால் 32 சரியாக இருக்கிறது. பிழை எங்கே என்று கண்டுபிடிக்க 2015 ஆயிற்று. நம் பாங்கியில் இருக்கும் மலேசிய செம்பனை வாரியத்து ஆய்வாளர்களும் அமெரிக்கர்களும் சேர்ந்து சொன்னார்கள். குரோமோசோமில் ஓரிடத்தில், பேசாமல் இரு என்று ஒட்டியிருந்த சிறு வேதிக் குறி உதிர்ந்துவிட்டது. அந்த இடத்தின் பெயர் கர்மா. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

வாழைக்கும் நகலெடுப்பின் விலை உண்டு. எல்லாரும் ஒரே ஆள் என்றால் ஒரு நோய்க்கு எல்லாரும் ஒரே பதில்தான் சொல்ல முடியும். 1990களின் தொடக்கத்தில் தீபகற்பத்தில் கேவண்டிஷ் தோட்டங்களைப் படுக்க வைத்த வாடல் நோய் மண்ணில் உட்கார்ந்திருப்பது, மருந்துக்கு மசியாது. ரஸ்தாளிக்கு அதன் அண்ணன்காரன் ஒருவன் முன்பே இருக்கிறான், கொல்லையில் ரஸ்தாளி வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எதிர்த்து நிற்கும் குணத்தைத் தேடி விஞ்ஞானிகள் போன இடம் காடு. விதை உள்ள வாழையிடம். 2012இல் வாழையின் முழு மரபுத் தொகுதியைப் படித்தபோது எடுத்துக்கொண்ட செடியின் பெயர் பகாங். நம் பகாங்தான், அக்குமினாட்டாவின் மலாக்கா கிளை இனம். அதன் மகரந்தப்பையை வளர்ப்புக் குழம்பில் வைத்து, 11 மட்டும் உள்ள இனச் செல்லையே செடியாக முளைக்க விட்டு, அது தன்னைத் தானே இரட்டித்து 22 ஆனதும் படித்தார்கள். ஜோடியில் இருவரும் அச்சு அசல் ஒரே ஆள் என்பதால் படிக்க எளிது. பாதிக்குள்ளே முழுப் புத்தகமும் இருந்தது. உலு கொம்பாக் பழைய சாலையில் காரில் போகும்போது ஓரத்தில் கூட்டமாக நிற்கும் காட்டு வாழைகள் இதன் உறவுக்காரர்கள்தான், யாரும் நிறுத்திப் பார்ப்பதில்லை.

காட்டு வாழை பக்கத்தில் இருந்தால் தேனீயும் வவ்வாலும் அதன் மகரந்தத்தைத் தோட்டத்து வாழைக்கும் கொண்டுவரும். பெரும்பாலும் வீண்தான். ஆனால் கற்பூரவள்ளி கொஞ்சம் இளகிய மனசு. அதன் சூலில் எப்போதாவது ஒரு கோலாட்டம் தற்செயலாகச் சரியாக விழுந்துவிடும்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பாட்டி தேநீர்ச் சடங்குக்குச் சிவப்பு உறையோடு வந்திருந்தார், மாமா தலைப்பாகையோடு. மொழி இல்லாததால் இருவரும் பாசார் மலாயில் கிள்ளான் வெள்ளத்தைப் பற்றி வெகு நேரம் பேசினார்கள். தாலி ஏறும்போது மாமா அழுதார், எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை மண்டபத்தைக் காலி செய்யப் போனோம். தம்பி வாழைக் கயிற்றை அறுக்காமல் முடிச்சு முடிச்சாக அவிழ்த்துக்கொண்டிருந்தான். மேல் சீப்பில் மூன்று நான்கு மஞ்சளாகியிருந்தன. ஒன்றைப் பிய்த்து உரித்துக் கடித்தான். நின்றான். வாயிலிருந்து எதையோ எடுத்துச் சட்டையில் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பார்த்தான்.

"அக்கா, கல்லு."

மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு, கன்னங்கரேல் என்று, ஓரம் மழுங்கிய ஒன்று. நான் கை நீட்டும் முன்னே அதை மாமாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டான். மாமா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாழையில ஏதுடா கல்லு?"